கால் ஊன்றுதல் குற்றமா?

மலைநாட்டிலே மோட்டார்ப் பந்தயம் புதுமையன்று. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து வளைவுகளில் 1934 இல் தொடங்கிய மலையேற்றப் பந்தயம் சித்திரைக் கொண்டாட்டங்களோடு சேர்த்தெண்ணப்படுவது. தியத்தலாவையின் பொக்ஸ் ஹில் பந்தயம் 1993 இல் தொடங்கியது. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி அங்கே ஓடுபாதையை விட்டு விலகிய கார் ஒன்று பார்வையாளர்மீது பாய்ந்ததில் சிறுமி ஒருத்தி உட்பட எழுவர் மாண்டனர். ஆகவே, மோட்டார் விளையாட்டையும் அறத்தையும் ஒருங்கே வைத்துப் பேசப் புகும் எவரும் முதலில் வேகத்தையே நினைப்பர். வேகம் பற்றிய வினா பெரிது. ஆயினும் அதற்கு விடை காண்பது அத்துணை அரிதன்று. பிறர் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை எவனுக்குமில்லை என்பதை மறுப்போர் சிலரே. நான் இங்கு எடுத்துக்கொள்வது வேகமே இல்லாத ஒரு மோட்டார் சைக்கிள் போட்டி. அதன் விதியில் ஒளிந்திருக்கும் வினா, வேகத்தைப் பற்றிய வினாவினும் கடினமானது என்பது என் எண்ணம்.

‘ட்ரயல்ஸ்’ எனப்படும் அப்போட்டியில் வீரன் பாறை, ஓடை, மரவேர், சேறு என்பவற்றின் மேலாக, எல்லையிட்டுக் குறிக்கப்பட்ட சிறு சிறு பிரிவுகளைக் கடக்கவேண்டும். நடந்து செல்பவனும் முந்திவிடக்கூடிய வேகத்திலேயே பெரும்பாலும் செல்வான். ஒவ்வொரு பிரிவின் அருகிலும் அவதானிப்பாளர் ஒருவர் நின்று வீரனின் பாதங்களையே நோக்கிக்கொண்டிருப்பார். ஒருமுறை கால் ஊன்றினால் 1 குற்றப்புள்ளி, இருமுறையாயின் 2, மும்முறையும் அதற்கு மேலுமாயின் 3. விழுந்தாலோ எல்லையை விட்டு வெளியேறினாலோ 5. பிறபோட்டிகளிலே சேர்த்தவன் வெல்வான். இங்கே இழக்காதவன் வெல்வான். பெறக்கூடிய மிகச் சிறந்த பெறுபேறு பூச்சியம். ஒழுக்கம் என்பதைக் குற்றமின்மையாகக் கருதும் பழைய நோக்கு ஒன்று உண்டு. அந்நோக்கினை ஒரு விளையாட்டாக வகுத்தால் அது இவ்வாறுதான் இருக்கும்.

இனி எமது பாதைகளுக்கு வருவோம். ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை எனப் பிரியும் வீதிகளை விட்டுத் தோட்டப் பாதையிலே திரும்பினால் எல்லை குறிக்காத, அவதானிப்பாளர் நிற்காத ட்ரயல்ஸ் களம் தொடங்கிவிடும். கொழுந்து லொறிக்கென வெட்டிய பாதைகள் அவை. பெயர்ந்த கற்கள், நடுவே புல், மழை நாளில் குறுக்கே ஓடும் நீர். ஒரு காலத்தில் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் அது சின்னத்துரையின் மோட்டார் சைக்கிள்தான். அதன் ஓசை தொலைவிற் கேட்டதும் நிரையில் நின்றோர் பேச்சை நிறுத்திவிடுவர் எனப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று லயத்து வாசல்களிலும் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. பழையவைதாம், பாதி கடனில் வாங்கியவைதாம். ஆயினும் நிற்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையிரவொன்றில் என் அம்மாயிக்கு மூச்சுத் திணறிற்று. மேற்பிரிவு லயத்திலிருந்து தார்வீதி ஏறக்குறைய 4 கிலோமீற்றர். எந்த முச்சக்கர வண்டியும் அந்நேரம் மேலே வர இசையவில்லை. மாமா தம் வண்டியின் பின்னிருக்கையில் அம்மாயியை இருத்தினார். அவருக்குப் பின்னே என் அம்மா அமர்ந்து தாங்கிக்கொண்டார். நான் டோர்ச் விளக்குடன் முன்னே ஓடினேன். மாமா முதற் கியரில், இரு கால்களையும் தரையிற் தேய்த்தவாறே வந்தார். “மெதுவா போ சாமி” என்று அந்த நிலையிலும் அம்மாயி சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கீழே வந்து சேர்ந்தபோது மாமாவின் ஒரு செருப்பைக் காணவில்லை. மற்றதன் அடிப்பாகம் கிழிந்து தொங்கிற்று. அம்மாயி பிழைத்துக்கொண்டார். அவதானிப்பாளர் கணக்கின்படி அன்று மாமா எல்லாப் பிரிவுகளிலும் குற்றவாளி.

அதன்பின் ஒருநாள் கைப்பேசியில் டோனி போ என்னும் கத்தலான் வீரரின் சவாரியை மாமாவுக்குக் காட்டினேன். 2007 தொடக்கம் 2024 வரை ஒவ்வோராண்டும் திறந்தவெளி, உள்ளரங்கு ஆகிய இரண்டிலும் உலகப் பட்டத்தை வென்று 36 பட்டங்களைச் சேர்த்தவர் அவர். தம் உயரத்தை விஞ்சிய பாறையின்மீது பின்சக்கரத்தால் துள்ளி ஏறி அசையாது நிற்பார். மாமா வாய்திறவாமல் இருமுறை பார்த்தார். பின்பு, “பின்னால ஆள் இல்லையே” என்றார். உண்மை. அந்த வண்டிகளிலே பின்னிருக்கை மட்டுமன்று, முன்னிருக்கையும் இல்லை. ஏறக்குறைய 70 கிலோ எடை. ஏனைய வண்டிகளின் டயரில் அடிக்கும் காற்றில் ஆறிலொரு பங்கு அளவே காற்று. சுமப்பதற்கென ஆக்கப்பட்டவையல்ல அவை.

மாமாவின் அச்சொல் எதனைச் சுட்டுகிறது? அரிஸ்டோட்டில் தம் ஒழுக்கவியல் நூலின் ஆறாம் பகுதியிலே தொழிற்றிறனையும் விவேகத்தையும் வேறுபடுத்துகிறார். தொழிற்றிறனில், அறிந்தே பிழை செய்பவன் அறியாது பிழை செய்பவனிலும் மேலானவன். விவேகத்திலும் பிற நற்பண்புகளிலும் நிலைமை நேர்மாறானது என்பது அவர் கருத்து. வேண்டுமென்றே சுதியை விட்டுப் பாடும் பாடகன் பாடத் தெரிந்தவன்தான். வேண்டுமென்றே பொய் கூறுபவனோ தவறிக் கூறுபவனிலும் தாழ்ந்தவன். இதனைக் கால் ஊன்றுதலுக்குப் பொருத்திப் பார்ப்போம். தடுமாறி ஊன்றியவனும் தெரிந்தே ஊன்றியவனும் அவதானிப்பாளருக்கு ஒருவரே. திறமையை அளக்கையில் அது சிறிய அநீதி. ஆனால் ஊன்றியவன் பின்னிருக்கையில் ஒருயிரைச் சுமப்பவனாயின், அங்கே ஊன்றாமையே குற்றமாகிவிடுகிறது. அம்மாயியை ஏற்றிக்கொண்டு கால் ஊன்றாமற் செல்ல முயன்றிருந்தால் மாமாவை நான் மன்னித்திருக்கமாட்டேன்.

இவ்வளவில் விதியைப் பழித்துவிட்டுப் போகலாம். ஆயின் அது நேர்மையாகாது. இவ்விடயத்தை விடுதியில் நண்பர் ஒருவரோடு வாதிட்டபோது அவர் கேட்டார்: ‘எண்ணத்தைக் கணக்கிலெடுக்கத் தொடங்கினால், கால் ஊன்றிய ஒவ்வொருவனும் நான் வேண்டுமென்றே ஊன்றினேன் என்பானே?’ இதற்கு நான் அன்று விடை கூறவில்லை. அவதானிப்பாளரின் செவிட்டுத்தன்மையில் ஒரு தூய்மை உண்டு. சேற்றைக் குறைகூறுவதையோ இயந்திரத்தைக் குறைகூறுவதையோ அவர் கேட்பதில்லை. 1962 தொடக்கம் 1968 வரை ஸ்கொட்லாந்தின் ஆறு நாட் போட்டியை ஐந்துமுறை வென்ற சமி மில்லர், அதில் 1965 ஆம் ஆண்டு வெற்றியைத் தாமே சோதித்துச் செம்மைப்படுத்திய புல்டாக்கோ வண்டியிற் பெற்றார். தம் குற்றப்புள்ளியைப் பிறர்மேற் சுமத்தாது வண்டியையும் தம்மையும் திருத்திக்கொள்ளும் மனப்பாங்கை வளர்க்க, சாக்கைக் கேளாத அளவுகோலினும் சிறந்த ஆசான் இல்லை. தேர்வுக்குப் படிக்காமைக்கு நாம் சொல்லும் காரணங்களை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

வண்டியைத் திருத்துதல் என்றதும் வேறொரு நிலைமை தோன்றுகிறது. மேற்சொன்ன ஆறு நாட் போட்டியில் இரவு முழுவதும் வண்டிகள் அடைத்து வைக்கப்படும். அப்போது எவரும் அவற்றைத் தொடமுடியாது. பராமரிப்பும் போட்டியின் ஒரு பகுதியே என்ற பழைய கருத்து அதில் எஞ்சியிருக்கிறது. ‘ட்ரயல்ஸ்’ என்ற பெயரே இயந்திரம் தாங்குமா என்று சோதித்த நாட்களிலிருந்து வந்தது. ஆனால் ஒரு நட்டினை இறுக்கியபோது அருகே அவதானிப்பாளர் நிற்பதில்லை. கால் ஊன்றுதல் உலகறியும் குற்றம். தளர்ந்த நட்டோ, அதை விட்டவன் மட்டுமே அறிந்த குற்றம். சிலவேளை அவனும் அறியான். ரொபேட் பேர்சிக் 1974 இல் வெளியிட்ட நூலில், வானொலியை உரக்கப் பாடவிட்டுக்கொண்டு அலட்சியமாக வேலைசெய்து தம் வண்டியைப் பாழாக்கிய திருத்துநர்களைப் பற்றி எழுதினார். அவர்களுக்குத் திறன் இல்லாமலில்லை. அவ்வேலையில் அவர்கள் இல்லை.

எமது நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீளத் தொடங்கும்வரை, ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஓடவைப்பதே வழியாயிற்று. 2022 இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் எனப் பங்கிட்ட நாட்களில், சரியாகச் சீர்செய்யாத காபரேட்டர் ஒரு குடும்பத்தின் பயணத்தையே குறைத்தது. அக்காலத்தில் எங்கள் பக்கத்துக் கராஜ் ஒன்றில் மாமாவின் வண்டிக்குப் புதிய பிறேக் ஷூ என்று பணம் பெற்று, பழையதையே அரத்தால் தேய்த்து மாட்டிவிட்டனர். மாமா தாமே சக்கரத்தைக் கழற்றியபோதுதான் அது தெரிந்தது. அந்த ‘பாஸ்’ தீயவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. உதிரிப்பாகம் கிடைக்காத காலம் அது. ஆனால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கிடைக்கவில்லை என்பது கால் ஊன்றுதல். மாட்டிவிட்டேன் என்பது ஊன்றிய காலை மறைத்தல். அன்றுமுதல் மாமா ஞாயிறு தோறும் வாசலில் சாக்கு விரித்து, பிறேக் தொடக்கம் சங்கிலி வரை தாமே பார்க்கிறார். பின்னிருக்கையில் ஆள் இருப்பதை அவர் அந்த வேலையின்போதும் மறப்பதில்லை.

இவையெல்லாம் விளையாட்டையும் வண்டியையும் பற்றியனவாயின் இக்கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன். குற்றத்தை மட்டும் எண்ணி, காரணத்தைக் கேளாத அளவுகோலை நாங்கள் பிறந்ததுமுதல் அறிவோம். அது மடுவத்தில் தொங்குகிறது. குறித்த கிலோ கொழுந்து எடுக்காதவளுக்கு அன்று அரைப்பேர். தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கழிப்பது வேறு. குளவி கொட்டி விழுந்த ஒருத்தியைத் தோளில் தாங்கிக்கொண்டு, பக்கத்து நிரையில் நின்றவள் டிஸ்பென்சரிக்கு நடந்தாள் என்று வைத்துக்கொள்வோம். மலைக்குத் திரும்புகையில் இரண்டு மணித்தியாலம் போய்விட்டது. மாலையில் தராசு முள் குறித்த இடத்துக்கு வரவில்லை. அவள் கால் ஊன்றியவள், தெரிந்தே ஊன்றியவள்.

ட்ரயல்ஸ் வீரனுக்கும் அவளுக்கும் உள்ள வேற்றுமை வெளிப்படை. விதியை அறிந்து, விரும்பி, களத்தினுள் வந்தவன் அவன்; வேண்டாவிடில் வெளியேறலாம். அவதானிப்பாளரின் செவிட்டுத்தன்மையை நான் தூய்மை என்றது, அவனுடைய அந்த இசைவை வைத்துத்தான். அவ்விசைவு இல்லாதவிடத்து அதே செவிட்டுத்தன்மை வேறு பெயர் பெறவேண்டும்.

இரக்கமுள்ள கணக்கப்பிள்ளை ஒருவர், நடந்ததை அறிந்து அவளுக்கு முழுப்பேர் போட்டுவிடலாம். அவ்வாறு செய்தவர்களைப் பற்றி லயங்களில் நன்றியுடன் பேசுவர். நானும் அவரைப் போற்றவே விரும்புகிறேன்; ஆயினும் அவர் எழுதியது பொய்க்கணக்கு என்பதையும் மறைக்க இயலவில்லை. நல்லவர் ஒருவர் நல்லது செய்வதற்குப் பொய்யெழுத வேண்டியிருக்குமாயின், பிழை அவரிடத்திலன்று, ஏட்டில் அதற்கென ஒரு நிரல் இல்லாமையிலேயே உள்ளது. விதிகள் மலையைப்போல் நிலையானவையல்ல. ட்ரயல்ஸ் போட்டியில் வண்டியை ஓரிடத்தில் நிறுத்திச் சமநிலை காப்பது குற்றமா என்ற ஒரு சிறு வினாவின்மேல் உலகப் போட்டிகளின் விதி ஒருமுறைக்கு மேல் மாற்றப்பட்டிருக்கிறது. வீரர்கள் வாதிட்டார்கள், அவதானிப்பாளர்களும் வாதிட்டார்கள். கிலோவையும் பேரையும் பற்றிப் பேசுவதற்குக் கொழும்பில் மேசைகள் போடப்படும்போது, முதலாளிமாரின் பக்கத்திலும் தொழிற்சங்கத் தலைவர்களின் பக்கத்திலும் நாற்காலிகள் நிறைந்திருப்பதைப் பத்திரிகைப் படங்களிற் காண்கிறேன். மலையிலிருந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த ஒருத்தியை அப்படங்களில் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.