விரிசல் காட்டும் வழி

புரட்டாசி.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறினால், வெள்ளிமலை வரைக்கும் சாலையோரத்தில் விறகுச் சுமையோடு பெண்கள் எதிர்ப்படுவார்கள். சும்மாட்டின் மேல் நீளமான கட்டு. கழுத்து அசையாது, இடுப்புக்குக் கீழேதான் நடை. ஐப்பசி மழை இறங்குவதற்குள் பரண் நிரம்பியாக வேண்டும். காய்ந்து விழுந்ததையே தேடிப் பொறுக்குகிறார்கள். பச்சைக் கட்டையின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர். அதைச் சுமப்பது தண்ணீரைச் சுமப்பது. அடுப்பில் வைத்தாலும் அந்த நீர் போன பிறகுதான் உலைக்கு அனல்.

*

தங்கியிருந்த வீட்டு வாசலில் உசிலைக் கட்டைகள் கிடந்தன. இலையை உலர்த்தி இடித்தால் தலைக்கு அரப்பு. கட்டையோ அடுப்பில் நின்று எரியும். பெரியவர் கோடாலியைக் கொடுத்தார். ஓங்கி நடுவில் போட்டேன். விரலளவு இறங்கி மாட்டிக்கொண்டது.

"வெட்டாத கண்ணு. மொதல்ல பாரு."

கட்டையின் வெட்டுமுகத்தைப் பார்த்தேன். நடுநெஞ்சிலிருந்து விளிம்பு நோக்கி நாலைந்து மெல்லிய விரிசல்கள். காயும்போது மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளையங்களின் போக்கில் சுருங்குவது, நெஞ்சிலிருந்து விளிம்புக்குச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ 2 மடங்கு. அந்த இழுப்புத் தாங்காமல் மரம் தானே வாய் திறக்கிறது. வெயிலும் நாட்களும் தொடங்கிவைத்த வேலை அது. கணு இருந்த பக்கத்தை விட்டு, விரிசலோடு விரிசலாகப் போட்டேன். ஒரே சத்தம். உள்ளே வைரம் பாய்ந்த கரும்பழுப்பு.

அன்று முழுக்கப் பார்த்த நேரமே அதிகம், ஓங்கிய நேரம் குறைவு.

*

புளி வேறு. நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஆப்பும் சம்மட்டியும் வேண்டும். ஓர் ஆப்பு திறந்த வாயில் அடுத்த ஆப்பு. நடுவைத் தொடாமல் ஓரத்திலிருந்து சிம்பு சிம்பாக உரித்துக்கொண்டு உள்ளே போகிறார் பெரியவர்.

கருங்காலிக்குச் சளைக்காத கோடாலி வாழைத்தண்டுக்கு மழுங்கும் என்ற பொருளில் ஔவை பேரில் ஒரு தனிப்பாடல் வழங்குகிறது. மாடு மேய்க்கும் சிறுவனிடம் தோற்றபோது எழுந்த உவமை என்பார்கள். இங்கே வந்த பிறகு அதை மரத்தைப் பற்றிய சொல்லாகவே படிக்கிறேன். இறுகி உலர்ந்த மரத்தில் அடி நெடுக ஓடுகிறது. ஈரத்தண்டு அடியை விழுங்கிவிடுகிறது.

*

மரம் அறிந்த கை என்பதாலேயே கூலி பேசி ஆந்திரக் காடுகளுக்கு அழைத்துப் போகப்பட்டவர்கள் இந்த மலையிலும் உண்டு, ஜவ்வாது மலையிலும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அந்த எண்ணை எழுதிவிட்டு நெடுநேரம் மேலே எழுதவில்லை.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வனப்பொருள்களில் புதர்க்கட்டையையும் அடிக்கட்டையையும் சேர்த்தே சொல்கிறது. ஆனாலும் இன்று காலை, சுமையோடு வந்த ஒரு பெண் காக்கிச் சட்டையைத் தூரத்தில் கண்டதும் சாலையை விட்டு இறங்கி நின்றாள். சுமையை இறக்கவில்லை. அது கடந்து போகும்வரை தலையில் வைத்தபடியே நின்றாள்.

*

வீட்டில் சிலிண்டர் இருக்கிறது. அது தேநீருக்கு. சாமைச் சோறு விறகில்தான். புகை பாட்டியின் கண்களைச் சிவக்க வைத்திருக்கிறது, இருமலும் விடவில்லை. அந்தப் புகையை அழகாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

பொழுது சாய்ந்ததும் பாட்டி மூன்று சிம்புகளை எடுத்து, பட்டை வெளியிலும் பிளந்த முகம் உள்ளேயுமாகச் சேர்த்து வைத்தார்.

"பொளந்த பக்கந்தான் சுருக்கா பிடிக்கும்."

வாசலில் பெரியவர் மீதிக் கட்டைகளை, நாளைய வெயில் வெட்டுமுகத்தில் விழும்படி கிழக்குப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.