எண்ணும் மனச்சாட்சியும்



சென்ற மாதம் ஒரு மாலை, பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய பின், நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் கோவில் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். அனல் மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர். அவருடைய மகளைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வரைபடம் போடச் சொன்னார்களாம். அடியில் வருஷங்கள், பக்கவாட்டில் உலகத்தின் உஷ்ணம். கோடு மேலே மேலே ஏறிப் போகிறது. நிலக்கரி எரிப்பது அதற்கு முக்கிய காரணம் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்த பெண், "அப்பா, நீங்க வேலை செய்றதாலதான் இந்தக் கோடு ஏறுதா?" என்று கேட்டுவிட்டாள். "நான் என்ன சாமி பதில் சொல்றது? அந்தக் கணக்கே பொய்னு சொல்லிடலாமா?" என்றார் அவர்.

அன்று வாசலில் நின்றபடி சுருக்கமாகத்தான் பதில் சொன்னேன். ஆனால் இது அவர் ஒருவருடைய கேள்வியல்ல. அத்திப்பட்டில் குடியிருந்து, நிலக்கரியாலும் துறைமுகத்தாலும் ஏதோ ஒரு வகையில் பிழைக்கிற நம் எல்லோருடைய கேள்வி. ஆகவே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில், அந்தக் கணக்கு பொய்யா? ஒரு நாளின் வெயிலையோ ஒரு வருஷத்து மழையையோ வைத்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 2015 நவம்பரில் மட்டும் சென்னையில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டிசம்பரில் ஊரே வெள்ளத்தில் மிதந்தது. நான்கே வருஷங்கள் கழித்து, 2019-ல், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ளத்தை மட்டும் பார்த்தவன் ஒன்று சொல்வான். வறட்சியை மட்டும் பார்த்தவன் வேறொன்று சொல்வான். இருவரும் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆயினும் இருவர் கையிலும் இருப்பது ஒரே ஒரு பக்கம். முழுப் புத்தகம் அல்ல.

முழுப் புத்தகம் எழுதும் வேலை நமக்கு வெகு அருகிலேயே தொடங்கியது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கும்பினியார் ஒரு வான ஆராய்ச்சி நிலையம் கட்டினார்கள். 1796 முதல் அங்கே தட்பவெப்பக் குறிப்புகளும், 1813 முதல் மழையளவும் எழுதப்பட்டு வந்தன. அந்நிலையத்தின் கருங்கல் தூண் ஒன்று, தமிழ் எழுத்தும் பொறிக்கப்பெற்று, இன்றைய வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. அந்தக் குறிப்புகளை எழுதிய குமாஸ்தாக்களுக்குப் பூமி சூடாகிறது என்ற விஷயமே தெரியாது. யாரையும் குற்றஞ்சாட்டவோ காப்பாற்றவோ அவர்கள் எழுதவில்லை. உஷ்ணமானி காட்டியதை எழுதினார்கள், அவ்வளவுதான்.

நமது பங்கின் ஞானஸ்நானப் புத்தகத்தையும் மரணப் புத்தகத்தையும் நினைத்துப் பாருங்கள். தமக்கு வேண்டியவர்களை மட்டும் எழுதி, வேண்டாதவர்களை விட்டுவிடுவது என்று ஒரு குருவானவர் இருந்தால், அந்தப் புத்தகத்தை யார் நம்புவார்கள்? எழுதுவதில் உள்ள அதே நேர்மை படிப்பதிலும் வேண்டும். பெரும்பாலும் தவறு நேருவது அங்கேதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1998-ல் பசிபிக் கடலின் எல் நினோவால் உலகம் வழக்கத்தை மீறிச் சூடாயிற்று. அதன் பின் பல வருஷங்கள், "1998-க்குப் பிறகு உஷ்ணம் ஏறவேயில்லை" என்று சிலர் வாதாடினார்கள். மலையுச்சியில் நின்றுகொண்டு அளக்கத் தொடங்கினால் எல்லாம் இறக்கமாகத்தானே தெரியும்? 1900-லிருந்து கோட்டைப் பார்த்தவர்கள் ஏமாறவில்லை. 2016, 2023, 2024 ஆகிய வருஷங்கள் 1998-ஐ வெகுதூரம் தாண்டிவிட்டன. தனக்கு வசதியான வருஷத்திலிருந்து கணக்கை ஆரம்பிக்கிறவன் ஒரு பொய் எண்ணைக்கூடச் சொல்வதில்லை. ஆனாலும் பொய்ச்சாட்சி சொல்லிவிடுகிறான். எட்டாம் கற்பனை நாவுக்கு மட்டுமல்ல, கணக்குக்கும் உண்டு. ஒரே ஒரு வெள்ளத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறவனும் இதற்கு விலக்கல்ல.

"நகரம் பெருகினால் சூடு பெருகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தோப்பாக இருந்த இடத்தில் கட்டடமும் தாரும் வந்தால் அவை வெப்பத்தைப் பிடித்து வைக்கும். விஞ்ஞானிகள் இதை மறைக்கவில்லை. கிராமப்புறத்து அளவுகளையும் கடல்நீரின் உஷ்ணத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். நடுக்கடலில் கட்டடம் ஏது? அங்கும் உஷ்ணம் ஏறியிருக்கிறது. 1850-க்கும் 1900-க்கும் இடையே இருந்த நிலையைவிட, 2011 முதல் 2020 வரையான பத்து வருஷங்களில் உலகம் சராசரியாக 1.1 டிகிரி சூடாக இருந்தது. 1901-லிருந்து 2018-க்குள் உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண், உயர்ந்தது. எண்ணூர் முகத்துவாரமும் பழவேற்காடும் எவ்வளவு தாழ்ந்த பூமி என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காரணமும் அளக்கப்பட்டிருக்கிறது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் 1958-ல் சார்லஸ் கீலிங் என்பவர் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. 2024-ல் சுமார் 424 பங்கு. இந்த வாயு சூரிய ஒளியை உள்ளே விடும். பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைக் கம்பளிபோல் தடுக்கும். கூடியிருப்பது நிலக்கரியிலும் எண்ணெயிலும் புதைந்திருந்த பழைய கரியே என்பதை அதன் அணுக்களின் அடையாளமே காட்டிக் கொடுக்கிறது. ஆகவே, மகளிடம் "கணக்குப் பொய்" என்று அந்தத் தகப்பனார் சொல்லலாகாது. ஒரு சாட்சி நம் சோற்றுக்கு எதிராகப் பேசுகிறது என்பதனால் அது பொய்ச்சாட்சி ஆகிவிடாது.

நிற்க. "அப்படியானால் நான் பாவியா?" என்றால், அதற்கும் "இல்லை" என்பதே பதில். அந்த மின்சாரத்தால்தான் ஆஸ்பத்திரியில் விளக்கு எரிகிறது. நம் கோவிலிலும் எரிகிறது. எரிக்கிறவர் ஒருவர், அனுபவிக்கிறவர்கள் நாம் எல்லோரும். மேலும், ஓர் இந்தியரின் பங்குக்கு வருஷத்துக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு என்றால், ஓர் அமெரிக்கரின் பங்குக்குச் சுமார் 14 டன். ஆகையால் பெரிய கடன் பெரிய வீடுகளுக்கே உரியது. ஆனால் இந்த உண்மையான எண்ணையும் நாம் சாக்காக்கிக் கொள்ளலாம். யார் அதிகம் கொடுக்க வேண்டும் என்பதை அது சொல்லும். நாம் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லாது. கடல் ஏறும்போது அது யாருடைய கடன் என்று விசாரித்துவிட்டு ஏறுவதில்லை.

இன்னொன்று. நிலக்கரியைக் குறைக்கும் காலம் வந்தே தீரும். அப்போது அதன் செலவு முழுவதையும் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளியின் தலையில் கட்டுவது அநீதி. அவருக்கு வேறு தொழில் கற்றுக்கொடுத்து, வேறு வழி திறந்துவிட்ட பிறகே அடுப்பை அணைக்க வேண்டும். இதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் கணக்கை மறுக்கிறவனுக்கு இந்த உரிமையைக் கேட்க வாயேது? கோடே ஏறவில்லை என்று சாதித்துவிட்டு, பிறகு நஷ்ட ஈடு கேட்க முடியுமா? உண்மையை ஒப்புக்கொள்வதுதான் ஏழைக்கும் பாதுகாப்பு.

அந்தத் தகப்பனாருக்கு நான் சொல்லும் முழுப் பதில் இதுதான்: மகளை அருகில் உட்கார வைத்து, அந்தக் கோட்டை முதல் வருஷத்திலிருந்து சேர்ந்து படியுங்கள். "கோடு உண்மைதான் அம்மா. அதில் என் உழைப்பும் இருக்கிறது. நாம் போடும் ஒவ்வொரு சுவிட்சும் இருக்கிறது. இதை இறக்கும் வேலையை நாங்கள் தொடங்க வேண்டும், நீ தொடர வேண்டும்" என்று சொல்லுங்கள். தகப்பன் சொன்ன உண்மை பிள்ளையின் கண்ணில் அவனைச் சிறியவனாக்காது.