அடைய முடிவதெல்லாம் அடையத்தக்கதா?

மழைக்காலம் முடிந்து வெள்ளம் வடிந்ததும் நமது பேராறுகளின் நடுவே மணல்திட்டுகள் தலைகாட்டுகின்றன. கங்கை, யமுனை, சம்பல், பிரம்மபுத்திரா என்று பல ஆறுகளிலும் ஆண்டுதோறும் நிகழ்வது இது. அடுத்த வெள்ளத்தில் அந்த நிலம் கரைந்து போகலாம், இடம் மாறலாம். இத்தகைய நிலத்திற்குத் தமிழில் துருத்தி என்றும் அரங்கம் என்றும் பழம்பெயர்கள் உண்டு. திருவரங்கம் என்ற பெயரிலேயே அது இருக்கிறது. பீகாரில் இதைத் தியாரா என்கிறார்கள். இந்த நிலம் யாருக்குச் சொந்தம்?

கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1825-ஆம் ஆண்டில் வங்காளத்தில் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. பெரிய ஆற்றின் நடுவே புதிதாக ஒரு திட்டு எழுந்தால், அதற்கும் கரைக்கும் இடையே உள்ள நீரை ஏதேனும் ஒரு பருவத்திலாவது நடந்து கடக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியுமானால் திட்டு அருகிலுள்ள நிலத்துக்காரரைச் சேரும். எப்பருவத்திலும் முடியாதென்றால் அரசைச் சேரும். காலால் சென்றடைய முடிவதே உரிமையின் அளவுகோலாக வைக்கப்பட்டது. சட்டம் எழுதியவர்களுக்கு அது வசதியாக இருந்திருக்கும். ஆனால் அந்த அளவுகோல் நம் மனத்தின் ஆழத்திலும் பதிந்து கிடக்கிறது: என்னால் போக முடிகிறது, ஆகவே நான் போகலாம்.

கால் எட்டாத இடத்திற்கும் இப்போது இயந்திரம் எட்டும். நியூசிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹாமில்டன் 1950-களில் தம் நாட்டின் ஆழமற்ற, பல கிளைகளாகப் பிரிந்தோடும் ஆறுகளுக்காக ஜெட் படகைச் செம்மைப்படுத்தினார். அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சுழல்விசிறி கிடையாது. அடிப்பக்கத்திலிருந்து நீரை உறிஞ்சிப் பின்புறமாகப் பீய்ச்சுவதால் அது முன்னேறுகிறது. வேகமாக ஓடும்போது ஒரு சாண் ஆழமே அதற்குப் போதும். இதில் ஒரு விந்தை உண்டு. வேகம் குறைந்தால் படகு நீரில் தாழ்ந்து தரை தட்டிவிடும். ஆழமற்ற இடத்தில் நிதானம் அதற்கு இயலாத காரியம். எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த எட்மண்ட் ஹில்லாரி 1977-இல் இத்தகைய மூன்று படகுகளுடன் வங்கக் கடலிலிருந்து கங்கையின் வழியே இமயத்தை நோக்கிப் பயணம் செய்தார். கரையெங்கும் மக்கள் கூடி நின்று அவரை ஒரு யாத்திரிகராகவே வரவேற்றார்கள். நந்தபிரயாகையில் அலகநந்தாவின் அருவி ஒன்று படகுகளைத் தடுத்தது. அங்கிருந்து அவர்கள் நடந்தார்கள்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். நகரத்தின் இரைச்சலில் களைத்த ஒருவர் சிறிய ஜெட் படகு ஒன்றில் கூடாரத்தையும் உணவையும் ஏற்றிக்கொண்டு, யாரும் வராத மணல்திட்டில் இரண்டு இரவுகள் தங்குகிறார். நல்லவர், குப்பையை மூட்டை கட்டித் திரும்ப எடுத்துச் செல்கிறார். விண்மீன்களின் கீழே அமர்ந்து ஜபம் செய்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் செய்ததில் குற்றம் உண்டா?

அவர் தங்கியது சம்பல் ஆற்றில், பங்குனி, சித்திரை மாதங்களில் என்றால் உண்டு. அந்த நாட்களில்தான் நீண்ட மூக்குடைய கரியால் முதலை திட்டின் மணலைத் தோண்டி முட்டையிடுகிறது. ஆற்று ஆலாவும், கீழலகு நீண்டு நீரைக் கீறிச் செல்லும் ஸ்கிம்மர் பறவையும் கூடு கட்டுவதில்லை. மணலில் ஒரு சிறு குழி, அதில் மணல் நிறத்திலேயே முட்டைகள், அவ்வளவுதான். பத்தடி தூரத்தில் நிற்பவன் கண்ணுக்கும் அவை தெரிவதில்லை. தாய்ப்பறவை தன் நிழலால் அவற்றை வெயிலிலிருந்து காக்கிறது. மனிதனைக் கண்டு அது எழுந்து பறந்து, அவன் போகும்வரை வானில் வட்டமிட்டுக் கொண்டிருந்தால், நண்பகல் மணலின் சூட்டில் முட்டைக்குள் இருக்கும் உயிர் வெந்துபோகும். நம் நண்பர் எதையும் மிதிக்கவில்லை, எதையும் கொல்ல எண்ணவுமில்லை. தலைக்கு மேலே கத்தும் பறவைகளின் ஒலி இனிமையாக இருந்தது என்றுகூட ஊர் திரும்பிச் சொல்வார்.

எண்ணம் தூய்மையாக இருந்தால் செயல் ஒட்டாது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கர்மயோகத்தைப் பற்றிப் பேசுவோரிடம் இந்த வாதத்தை அடிக்கடி கேட்கலாம். ஆனால் நம் துறவியர் மரபு வேறு விதமாக நடந்திருக்கிறது. ஓரிடத்தில் தங்காமல் திரிவதே பரிவ்ராஜகனின் தர்மம். அப்படிப்பட்டவனும் மழைக்காலத்தில் சாதுர்மாஸ்யம் என்று ஓரிடத்தில் அமர்ந்துவிடுகிறான். அந்தப் பருவத்தில் தரையெங்கும் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும், நடந்தால் தெரியாமலே அவற்றை மிதிக்க நேரும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. பௌத்தரும் சமணரும்கூட இவ்வழக்கத்தைக் கைக்கொண்டனர். உலகில் எவருக்கும் கட்டுப்படாதவன் கண்ணுக்குத் தெரியாத ஒரு புழுவுக்காகத் தன் கால்களைக் கட்டிக்கொள்கிறான். ‘எனக்குத் தெரியாது’ என்பதை அவன் சாக்காகக் கொள்ளவில்லை. தெரியாமல் நேரக்கூடியது என்பதாலேயே முன்கூட்டி நின்றுவிடுகிறான்.

மணலில் தங்கும் மரபும் நமக்குப் புதிதல்ல. பிரயாகையில் பௌஷ பௌர்ணமி முதல் மாசிப் பௌர்ணமி வரை கல்பவாசிகள் ஒரு மாதம் ஆற்று மணலில் குடிசையிட்டு வாழ்கிறார்கள். தரையில் படுக்கை, ஒருவேளை உணவு, நாளுக்கு மூன்று நீராடல், வாசலில் ஒரு துளசிச் செடி. அந்த மாதம் முட்டையிடும் காலத்திற்கு முந்தியது. பறவைகளை எண்ணித்தான் முன்னோர் அதை வகுத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லும் பழக்கம் நம்மிடையே அளவுக்கு மீறிவிட்டது. நாள் குறித்து வருவதும், நாள் முடிந்ததும் எழுந்து போவதும் அங்கே விரதத்தின் பகுதி என்பதே இங்கு கருதத்தக்கது.

மறுப்பு ஒன்று எழும். லாரி லாரியாக மணல் அள்ளிப் போகிறவனை விட்டுவிட்டு இரண்டு இரவு தங்கியவனைக் கேட்பானேன்? திட்டையே பெயர்த்தெடுக்கும் கொள்ளை மிகப் பெரிய தீங்கு என்பதில் ஐயமில்லை. அதனால் நம் பங்கு சிறிதாகிவிடாது. அதே மணலில் கோடையில் குழி வெட்டி, எரு இட்டு, தர்பூசணியும் வெள்ளரியும் பயிரிடும் ஏழைக் குடும்பங்கள் உண்டு. அவர்களாலும் பறவைகளுக்கு இடர் நேர்கிறது. அவர்களுடைய பசியையும் நம்முடைய ஓய்வையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சம்பல் 1979-இல் சரணாலயமானபோது எழுந்த இந்த இக்கட்டுக்குச் சட்டம் முழு விடை தந்துவிடவில்லை.

2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கௌடியாலாவிலிருந்து ரிஷிகேஷ் வரை கங்கை மணற்கரைகளில் கூடாரமிட்டுத் தங்குவதைத் தடை செய்தது. கழிவும் குப்பையும் மிகுந்த பின் வந்த ஆணை அது. சட்டம் பெரும்பாலும் பிந்தியே வரும். வந்தாலும் ஆளில்லாத திட்டில் காவலர் இருக்கமாட்டார். அங்கே படகோட்டியும் முட்டையும் மட்டுமே. தை மாதத்தில் அவர் போகலாம், அதற்கும் வனத்துறையிடம் முதலில் கேட்டுக்கொண்டு. வெயில் ஏறி ஆலாக்கள் திட்டில் இறங்கத் தொடங்கியபின், படகைக் கரையில் கட்டிவிட்டு மேட்டின் மீது அமர்ந்து அவர் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஜபத்திற்கு அந்த மேடும் போதும்.