வைத்தியரின் வீரமும் பேரரசின் பதக்கமும்

அநீதியான யுத்தமொன்றில் ஒருவர் புரிந்த நற்செயலை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? தோமஸ் கிறீன் என்னும் அயர்லாந்தரின் வாழ்க்கை இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

1873இல் டப்ளினிற் பிறந்த கிறீன், 1894 முதல் 1896 வரை அயர்லாந்து றக்பி அணியில் ஒன்பது முறை ஆடியவர். 1896இல் விளையாட்டுச் சுற்றுப்பயணத்திற் தென்னாபிரிக்கா சென்று, அங்கேயே தங்கி வைத்தியத் தொழில் புரிந்தார். 1899இல் போயர் யுத்தம் மூண்டதும், துப்பாக்கி ஏந்திப் பிரித்தானியர் பக்கம் சாதாரணப் போர்வீரராகச் சேர்ந்தார். பின்னரே படை வைத்தியரானார். 1901 டிசம்பர் 18ஆம் திகதி, 150 யார் தொலைவிலிருந்து எதிரிகள் சுட்டுக்கொண்டிருக்க, தாம் குண்டடிபட்ட பின்னரும் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தார். இரண்டாவது குண்டு பாய்ந்த பின்னரே ஓய்ந்தார். பேரரசு அவருக்கு விக்ரோறியா சிலுவையை அணிவித்தது.

இவ்வீரத்தை மறுப்பார் யார்? ஆயின், அந்த யுத்தத்தின் பின்னால் திரான்சுவாலின் தங்கச் சுரங்கங்கள் இருந்தன. போயர்களும் ஆபிரிக்கரின் மண்ணைப் பறித்தவர்களே. அதே 1901இல் பிரித்தானியப் படை போயர்களின் பண்ணைகளை எரித்து, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தது. அக்கொடுமையை எமிலி ஹொப்ஹவுஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி அவ்வாண்டே உலகறியச் செய்தார். அம்முகாம்களில் மாண்ட போயர்கள் 20,000க்கும் மேற்பட்டோர், பெரும்பாலோர் குழந்தைகள். வேறு முகாம்களில் ஆபிரிக்கரும் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அவர்தம் கணக்கு ஒழுங்காகப் பேணப்படவுமில்லை.

வைத்தியர் புண்ணை மட்டுமே பார்ப்பவர், யுத்தத்தின் நியாயத்தை ஆராய்வது அவர் கடனன்று என்பர் சிலர். காயமுற்றவனின் அருகில் மண்டியிட்ட கணத்திற்கு இது முற்றும் பொருந்தும். ஆனால் கிறீன் முதலில் ஏந்தியது துப்பாக்கியையே. காலத்தின் போக்கு அது எனவும் தப்பிவிட இயலாது. ஜோன் மக்பிறைட் முதலான அயர்லாந்தர் அதே யுத்தத்தில் அதே பேரரசை எதிர்த்து நின்றனர். தெரிவு செய்ய வழி இருந்தது.

ஆகவே, இரு கணக்குகளையும் தனித்தனியே எழுதுவோம். ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. உயிரைப் பணயம் வைத்துக் காட்டிய கருணை கிறீனுக்குரியது. அக்கருணையைத் தன் யுத்தத்தின் பெருமையாக்கிக் கொண்டது பேரரசின் தந்திரம். வீரர் வரலாற்றை மாணவருக்குக் கற்பிக்கும் நாம், பதக்கத்தைக் காட்டும்போது முகாம்களையும் காட்டவேண்டும். அன்றேல் பேரரசின் பாடத்தையே நாமும் ஒப்புவிப்பவராவோம்.