தூய்மையின் விலை

வாசலைப் பெருக்கிக் குப்பையை அடுத்த வீட்டெல்லையில் தள்ளினால் அது தூய்மையாகுமா? குள்ளஞ்சாவடித் தெருவில் எழும் இக்கேள்வி கடலிலும் எழுந்தது.

புதுவையின் ரூபாவும் கேரளத்தின் தில்னாவும் 2024 அக்டோபரில் புறப்பட்டு உலகைச் சுற்றிவந்த ‘தாரிணி’ போன்ற பாய்மரப் படகுகளின் அடிப்பாகத்தில் கொட்டலசு ஒட்டினால் வேகம் குறையும். அதைத் தடுக்க, முன்பு டிரைபியூட்டைல் டின் என்னும் நஞ்சு கலந்த வண்ணத்தைப் பூசினர். படகு தூய்மையாயிற்று, கசிந்த நஞ்சாலோ கடல் நத்தைகள் மலடாயின. 2008இல் பன்னாட்டு உடன்படிக்கை அதனைத் தடைசெய்தது.

இன்றைய செம்புப் பூச்சும் முற்றிலும் தீங்கற்றதன்று. படகைக் கரையேற்றிச் சுரண்டுவோர், உதிரும் தூளைக் கடலில் விடாது திரட்டவும் வேண்டும். அது கூடுதல் உழைப்பே. ஆயினும், தன் அழுக்கைப் பேசவியலா உயிர்மேல் ஏற்றாத தூய்மைக்கு அவ்வுழைப்பே விலை.