பாதியில் நிற்கும் படம்

வயது முதிர்ந்த ஒருவருக்கு நான் சிபாரிசு செய்த திரைப்படம், அவர் வீட்டுத் தொலைக்காட்சியில், ‘தொடர்ந்து பார்க்க’ என்ற வரிசையில், அடியில் ஒரு மெல்லிய கோட்டுடன் இருந்தது. பார்த்த பகுதி எவ்வளவு, பாராத பகுதி எவ்வளவு என்று காட்டுவதற்காக ஓ.டி.டி. தளங்கள் இடுகிற கோடுதான் அது; அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கோடு பாதியைச் சற்றே தாண்டிய இடத்தில் நின்றுவிட்டிருந்தது என்பதும், அந்தப் படத்தைப் பற்றி அவர் முன்னமே தொலைபேசியில் என்னோடு பேசியிருந்தார் என்பதும் ஒன்றுசேர்ந்து என் மனத்தில் எழுப்பிய விசாரம் இன்னும் அடங்கவில்லை.

அவர் என் பெரியப்பா. கரிசல் காட்டுச் சம்சாரி. நிலத்தை விற்றுவிட்டு மதுரையில் மகள் வீட்டில் இருக்கிறார். விற்ற காரணத்தை அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. “பொழுது போக மாட்டேங்குது. நீதான் இதெல்லாம் பாக்கிறவனாச்சே, ஏதாவது ஒரு படம் சொல்லேன்” என்று அவர் கேட்டபோது, ‘கடைசி விவசாயி’ என்ற பெயர் தானாகவே என் வாயில் வந்தது. சில நாட்கள் கழித்து அவரே கூப்பிட்டார். “நல்ல படம்ப்பா. அந்த ஆளு நடிகன் இல்லை, சம்சாரிதான். மம்பட்டி பிடிக்கிறதைப் பாத்தாலே தெரியுது” என்றார். அதன் பிறகு அவரைப் பார்க்கப் போயிருந்த ஒரு பிற்பகலில்தான் ரிமோட் என் கைக்கு வந்தது, கோட்டையும் கண்டேன்.

மணிகண்டன் இயக்கி 2022-இல் வெளியான அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. குலதெய்வத்துக்குப் புது நெல் படைக்க வேண்டும் என்று ஒரு கிராமத்தார் கூடி முடிவு செய்யும்போது, இன்னும் வெள்ளாமை செய்கிறவர் என்று மாயாண்டி என்னும் கிழவர் ஒருவர்தான் மிஞ்சியிருக்கிறார் என்பது அவர்களுக்கே தெரியவருகிறது. அவர் நாற்று நட்டுப் பயிரைப் பேணிக்கொண்டிருக்கையில், செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக, அவற்றைக் கொன்றதாகவே வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அங்கே நிற்கிற கிழவருக்குப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமே என்பதைத் தவிர வேறு கவலையே இல்லை. மாயாண்டியாக வந்த நல்லாண்டி உண்மையிலேயே விவசாயி; படம் திரைக்கு வருமுன்பே காலமாகிவிட்டார். பின்னர் அந்தப் படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றபோது, அவருக்கும் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. இந்தச் செய்தி எதையும் என் பெரியப்பா படித்தவரல்லர். மம்பட்டி பிடித்த கையைக் கொண்டே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த ஒருவர் பாதியில் எப்படி நிறுத்தினார்?

எந்த இடத்தில் நிறுத்தியிருப்பார் என்று, நினைவிலிருக்கும் காட்சிகளை வரிசைப்படுத்தி யோசித்தேன். நிலத்தை விற்ற பணத்தில் யானை ஒன்றை வாங்கிக்கொண்டு திரிகிற மனிதன் ஒருவன் அந்தப் படத்தில் வருகிறான். யோகிபாபு நடித்த பாத்திரம். நான் திரையரங்கில் பார்த்தபோது சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நிலத்தை விற்ற ஒருவர் அதைப் பார்த்தால் சிரிப்பாரா? ஆனால் அந்தக் காட்சி முன்பே வந்துவிடுகிறதே. அதையும் தாண்டியல்லவா கோடு போயிருக்கிறது? அப்படியானால், பயிரை விட்டுவிட்டு வந்த கிழவர் நீதிபதியின் முன்னால் நிற்கும் இடமாக இருக்கலாம். அல்லது ஒரு கான்ஸ்டபிள் அந்தப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் இடமாக இருக்கலாம். இவை ஒன்றுமே இல்லாமல், கரண்டு போயிருக்கலாம்; பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து கார்ட்டூன் வைக்கச் சொல்லியிருக்கலாம்; சாப்பிட்ட மயக்கத்தில் அவர் கண்ணயர்ந்திருக்கலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் தெரிந்துவிடும். நிறுத்திய இடத்திலிருந்து படம் ஓடத் தொடங்கும். நான் அழுத்தவில்லை. பிறருக்கு வந்த கடிதத்தைப் பிரிப்பதில் உண்டாகும் சங்கோசம் ஒன்று என் விரலைத் தடுத்தது.

மனிதர் எதைப் பார்ப்பார், எதைப் பாதியில் விடுவார் என்று முன்கூட்டியே கணித்துவிட வேண்டும் என்பதற்காக உலகத்திலே செய்யப்பட்டிருக்கும் பிரயத்தனம் கொஞ்சநஞ்சமல்ல. டி.வி.டி. தட்டுகளைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, 2006-இல், நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஒரு போட்டியை அறிவித்தது. வாடிக்கையாளர்கள் படங்களுக்கு அளித்திருந்த நட்சத்திரக் குறிகளில் 10 கோடிக்கு மேற்பட்டவற்றை, பெயர்களை நீக்கிவிட்டு, பொதுவில் வைத்து, தன்னுடைய கணிப்பைக் காட்டிலும் 10 சதவீதம் துல்லியமாகக் கணித்துக் காட்டுகிறவர்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்றது. கணித மேதைகள் பலர் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் முயன்றபின், 2009-இல் இரண்டு குழுக்கள் ஒரே அளவு துல்லியத்தை எட்டின. 20 நிமிஷம் முன்னதாக விடையைச் சமர்ப்பித்த குழுவுக்குப் பரிசு போயிற்று. அந்தப் போட்டியாளர்களைத் திணற அடித்தவை, சாதாரணப் படங்களல்ல. பார்த்தவர்களில் பாதிப் பேர் உயிராக நேசித்து, மறுபாதிப் பேர் முகம் சுளித்த சில படங்கள்தாம். அத்தகைய ஒரு படத்தை இன்னார் நேசிப்பார், இன்னார் வெறுப்பார் என்று சொல்ல, அவர் பார்த்த மற்றப் படங்களின் பட்டியல் அதிகம் உதவவில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம் ஒன்று பின்னால் நடந்தது. 2017-இல் அந்நிறுவனம் நட்சத்திரங்களை அகற்றிவிட்டு, பிடித்தது, பிடிக்கவில்லை என்று கட்டை விரலை உயர்த்தவும் தாழ்த்தவும் மட்டும் இடம் வைத்தது. சீரிய ஆவணப்படங்களுக்கு ஐந்து நட்சத்திரம் வழங்குகிறவர்களே, வேலை முடிந்து வீடு திரும்பிய இரவுகளில் உண்மையில் அமர்ந்து பார்ப்பது இலேசான நகைச்சுவைப் படங்களைத்தான் என்று அதற்குள் தெரிந்துபோயிருந்தது. இதில் ஜனங்களின் கபடம் எதுவும் இருப்பதாக நான் கருதவில்லை. உயர்ந்தது என்று ஒன்றை மதிப்பதும், இன்றைய இரவில் அதைத் தாங்கிக்கொள்ள இயலாதிருப்பதும் ஒரே மனிதரிடத்தில் சகஜமாக இருக்கக்கூடியவையே. “நல்ல படம்ப்பா” என்று பெரியப்பா சொன்னது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கோடு பாதியில் நின்றது அவர் அந்தப் படத்துக்கு அளித்த தீர்ப்பாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் யந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். சலிப்பினால் நிறுத்தினாலும், நெஞ்சு கனத்து நிறுத்தினாலும், அது பதிவு செய்துகொள்வது நிறுத்திய நிமிஷத்தை மட்டுமே.

என் பால்யத்தில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இருந்த நூலகரை இந்தச் சந்தர்ப்பத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதிகம் பேசாதவர். நான் அலமாரிகளுக்கிடையே வெகுநேரம் திரிவதைக் கண்டால், எழுந்து வந்து ஒரு புத்தகத்தை உருவிக் கையில் வைத்துவிட்டுத் தம் நாற்காலிக்குத் திரும்பிவிடுவார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் தவணைத் தேதியை முத்திரை குத்துகிற ஓசை இன்னும் காதில் இருக்கிறது. ஊதா மையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து விழுந்திருக்கும் அந்தத் தேதிகள், யாரோ எடுத்துப்போனார்கள், திரும்பக் கொண்டுவந்தார்கள் என்பதை மட்டுமே சொல்லும். எந்தப் பக்கம் வரையில் படித்தார்கள் என்பதைச் சொல்லமாட்டா. அவரும் கேட்டதில்லை. எத்தனையோ புத்தகங்களைப் பாதி படித்தும், சிலவற்றைப் பிரிக்காமலேயும் திருப்பியிருக்கிறேன்; “எப்படி இருந்தது?” என்று ஒருநாளும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அது அலட்சியமா, அல்லது மிகப்பெரிய மரியாதையா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது மரியாதை என்றே தோன்றுகிறது.

அந்தக் கிளை நூலகம் போன்றவை ஊர் ஊராக வருவதற்குக் காரணமான பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில்தான் சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாக இயற்றப்பட்டது. அதற்கு வித்திட்டவர், 1892-இல் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளை விளக்கும் நூல் ஒன்றை மாணவப் பருவத்தில் புரட்டியிருக்கிறேன். வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் அவருக்கென்று ஒரு நூல் உண்டு என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கென்று ஒரு வாசகர் உண்டு என்பதும் அவ்விதிகளில் இரண்டு. அன்று அவை ஒரே விஷயத்தைப் புரட்டிச் சொல்வதாகவே பட்டன. இன்று வேறாகப் படுகின்றன. இவ்விரண்டில் முன்னது, எதிரே நிற்கும் மனிதரைப் பார்த்துவிட்டு நூலைத் தேடச் சொல்கிறது. பின்னதோ, கையில் நூலை வைத்துக்கொண்டு மனிதரைத் தேடச் சொல்கிறது. சிபாரிசு செய்கிறவர்களில் இவ்விரு வகையினரும் உண்டு. ‘கடைசி விவசாயி’யை என் பெரியப்பாவுக்குச் சொன்னபோது நான் எந்த வகை? அவருடைய பொழுது போகாமையைப் பார்த்தா சொன்னேன்? அல்லது அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்தே, இதை முழுதாக உணரக்கூடியவர் நம் குடும்பத்தில் ஒருவர் இருக்கிறார் என்று மனத்துக்குள் முடிவு செய்து, அவர் கேட்கும் தருணத்துக்காகக் காத்திருந்தேனா?

பின்னது என்றால், அதிலும் அன்பு இல்லாமலில்லை. நிலத்தை விற்றதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேச எங்களில் யாருக்கும் துணிவு வரவில்லை. பேச முடியாததை ஒரு படத்தின் மூலமாகச் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் என் சிபாரிசுக்குள் இருந்திருக்கலாம். ‘உங்கள் துக்கம் எனக்குத் தெரியும்’ என்று சொல்வதற்குப் பதிலாக ஒரு படத்தின் பெயரைச் சொன்னேன் போலும். ஆனால் அப்படிச் சொல்லப்பட்டதைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கடமை அவருக்கு உண்டா? விருந்தில் பரிமாறியவர் இலையருகிலேயே நின்று, முழுதும் உண்டாயிற்றா என்று பார்த்துக்கொண்டிருந்தால், உண்பவருக்கு ருசி எங்கிருந்து வரும்? படத்தைச் சொன்னவர் அபிப்பிராயத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பதும் அத்தகையதே. அவர் தொலைபேசியில் தாமாகக் கூப்பிட்டுச் சொன்னாரே, அதில் ஒருவேளை என்னைத் திருப்திப்படுத்த வேண்டும் என்ற கரிசனமும் கலந்திருக்குமோ என்று எண்ணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவரும் ஒரு காலத்தில் படங்களைச் சிபாரிசு செய்தவர்தான். அந்தக் கலையில் எங்கள் ஊரில் அவருக்கு இணையில்லை. கோவில்பட்டிக்குப் பருத்தி கொண்டுபோகும் நாட்களில் படம் பார்த்துவிட்டு வருவார். மறுநாள் இரவு களத்தில், நிலா வெளிச்சத்தில், எங்களைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு கதையைச் சொல்வார். ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லிப் பயமுறுத்தும் காட்சியை, நாகேஷாகவும் பாலையாவாகவும் மாறி மாறி நடித்துக் காட்டுவார். அந்தப் படத்தைப் பிற்பாடு நான் பார்த்தபோது, பாலையா என் பெரியப்பாவின் அளவுக்குப் பயப்படவில்லையே என்றுகூடத் தோன்றியது. ஆனால் எந்தக் கதையையும் முடித்ததில்லை. மீதியை வெள்ளித் திரையில் கண்டுகொள்ளச் சொல்லும் பாட்டுப் புத்தகங்களின் வழக்கப்படி, கதை முற்றும் சமயத்தில், “மிச்சத்தைப் போய்ப் பாத்துக்கிடுங்க” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். கெஞ்சினாலும் இரங்கமாட்டார்.

பாதியில் நிற்கிற இந்தப் படத்துக்கும் அவருடைய அந்த வழக்கத்துக்கும் சம்பந்தம் கற்பிக்க மனம் ஆசைப்படுகிறது; ஆனால் அது சரியல்ல. அன்று அவருக்கு முடிவு தெரியும், எங்களுக்காக மறைத்தார். இன்று முடிவைத் தெரிந்துகொள்ளாமலேயே நிறுத்தியிருக்கிறார். அல்லது, அந்த முடிவைப் படம் சொல்லித்தான் அவர் அறிய வேண்டும் என்பதில்லையோ என்னவோ.

போன வாரம் மறுபடியும் கூப்பிட்டார். “அடுத்து என்ன பாக்கலாம்?” என்றார். பழைய படத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சொல்வதற்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று, ஸ்ரீதரின் அதே ‘காதலிக்க நேரமில்லை’. 1964-இல் வாலிபராகப் பார்த்ததை இன்னொரு முறை பார்த்துச் சிரித்துவிட்டு நிம்மதியாக உறங்குவார். மற்றொன்று, லெனின் பாரதி எடுத்து 2018-இல் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’; ஒரு துண்டு நிலத்துக்காக மலையில் சுமை தூக்கிய ஒருவனின் கதை. முதலாவதைச் சொன்னால், அவருடைய துக்கத்தைத் தொடவேண்டாம் என்று நானே அவருக்காகத் தீர்மானித்தவனாகிறேன். இரண்டாவதைச் சொன்னால், அதைத் தொட்டே தீருவேன் என்று நிற்பவனாகிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை. அவர் எதை விரும்புவார் என்பதைவிட, அதைத் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா என்பதே எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.