சோற்றுக்காக வாதாடும்போது

பள்ளியில் சோறு போடலாமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் ஏறக்குறைய தீர்ந்துபோன ஒன்று. சத்துணவுக் கூடத்தை மூடுவோம் என்று சொல்லி இங்கே எந்தக் கட்சியும் வாக்குக் கேட்க முடியாது. தீராமல் இருப்பது வேறொரு கேள்வி: அதற்கு அரசு ஏன் பணம் ஒதுக்க வேண்டும்? இதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. சோறு கிடைத்தால் போதும், காரணம் எதுவானால் என்ன என்று தோன்றலாம். ஆனால் எந்தக் காரணத்தைச் சொல்லிச் சோறு கேட்கிறோமோ, அதுவே பிறகு சோற்றுக்கு வேலியாக வந்து நிற்கிறது.

முதல் காரணம், வருகை. சோறு போட்டால் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள் என்பது மெய். நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியதும் இந்த எண்ணத்தில்தான். ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவிட ஆங்கில அரசு அனுமதிக்கவில்லை. 1925இல் திட்டம் நின்றது. படிப்புக்காகவே சோறு என்று கேட்டவர்களுக்கு, சோறு படிப்புச் செலவில் சேராது என்ற பதில்தான் கிடைத்தது.

எழுபது ஆண்டுகள் கழித்து அதே காரணம் வேறு வடிவில் வந்தது. 1995இல் நடுவண் அரசு தொடங்கிய திட்டத்தில் பல மாநிலங்கள் சமைத்த உணவுக்குப் பதில் மாதம் 3 கிலோ தானியம் கொடுத்தன. அதுவும் 80 விழுக்காடு வருகை இருந்தால்தான். காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கும், அறுவடைக் காலத்தில் வீட்டு வறுமையால் வேலைக்குப் போன பிள்ளைக்கும் தானியம் இல்லை. யாருக்குத் தேவை மிகுதியோ அவர்களுக்கே அது மறுக்கப்பட்டது. உணவைப் பள்ளிக்கு வந்ததற்கான கூலியாக்கினால் இப்படித்தான் முடியும்.

இரண்டாம் காரணம், மலிவு. ஒரு பிள்ளைக்கு இவ்வளவுதானே செலவு என்று கேட்டால் நிதித்துறையின் மனம் இளகும். சென்னை மாநகராட்சியின் 1920 தீர்மானத்திலேயே மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகக் கூடாது என்ற வரம்பு இருந்தது. மலிவைப் பெருமையாகச் சொல்லி வாங்கிய திட்டத்தில் பருப்பு விலை ஏறும்போது கூடுதல் பணம் கேட்பது கடினம், குழம்பு நீர்த்துப்போகும். சமைப்பவரின் ஊதியமும் இந்தக் கணக்கில்தான் சிக்குகிறது. சமையலருக்கு மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியம் என்று 2009இல் நடுவண் அரசு வகுத்தது. தமிழ்நாடு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறது. ஆனாலும் இங்கேயும் சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியம் கேட்டுத் தெருவில் நிற்க வேண்டியிருக்கிறது. ஏழைப் பெண்ணின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட்டு ஏழைப் பிள்ளைக்குப் பரிமாறுவதில் அறம் பாதிதான் இருக்கிறது.

மூன்றாம் காரணம், இரக்கம். 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு விரிந்தபோது ஊர் மக்களின் நன்கொடையும் அதைத் தாங்கியது. கொடுத்தவர்களின் மனம் பெரிது. ஆனால் மழை பொய்த்த ஆண்டில் நன்கொடையும் சுருங்கும். பிள்ளையின் பசி சுருங்காது. இரக்கத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. உண்மையிலேயே ஏழைதானா என்று அது விசாரிக்கத் தொடங்கும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வரிப்பணத்தில் எதற்குச் சோறு என்ற கேள்வி நியாயமானதுபோல் தெரியும். ஆனால் ஏழைகளுக்கு மட்டும் என்றால், தட்டோடு வரிசையில் நிற்பதே வறுமைக்குச் சான்றிதழ் ஆகிவிடும். அந்தக் கூச்சத்தில் பட்டினி கிடக்கும் பிள்ளையைவிட, தேவையின்றிச் சாப்பிட்டுவிடும் பிள்ளையால் வரும் இழப்பு சிறிது.

இவற்றுக்கு மாற்றாக நிற்பது உரிமை. 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவே தர வேண்டும், நாளுக்குக் குறைந்தது 300 கலோரி, ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் என்று ஆணையிட்டது. 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை எட்டாம் வகுப்பு வரைக்குமான உரிமையாக்கியது. வேறுபாடு 2020 மார்ச்சில் தெரிந்தது. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடியபோது, வருகைக்காகத்தான் சோறு என்றால் மூடிய பள்ளிக்குச் சோறு தேவையில்லை. உரிமை என்பதால், பிள்ளைகளின் உணவு என்னவாகும் என்று உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து மாநிலங்களைக் கேட்டது.

பயன் என்ன என்று கேட்கவே கூடாதா? வரி கொடுப்பவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு. மருத்துவமனை, சாலை, நூலகம் எல்லாம் அதே கருவூலத்தைத்தான் நம்பியிருக்கின்றன. விளைவைப் பார்க்காத திட்டத்தில் புழுத்த அரிசியும் பொய்க் கணக்கும் எளிதில் நுழையும். ஆகவே ஆய்வும் தணிக்கையும் வேண்டும். அவை எதை முடிவு செய்யலாம் என்பதில்தான் எல்லை போட வேண்டும். வாரத்தில் எத்தனை முட்டை, மதியத்தோடு காலையிலும் உணவு வேண்டுமா என்பன ஆய்வு சொல்ல வேண்டியவை. 2022இல் தமிழ்நாடு தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை அப்படி எடைபோடலாம். குறை கண்டால் திருத்தலாம். ஆனால் தேர்ச்சி விழுக்காடு உயரவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் தட்டை எடுக்க முடியாது.

பள்ளி உணவுக்காகப் பேசுகிறவர்கள் வருகையையும் செலவையும் எடுத்துச் சொல்லட்டும். கோப்பு நகர அது உதவும். ஆனால் கோரிக்கையின் முதல் வரியில், பசியோடு ஒரு பிள்ளையை உட்காரவைத்துப் பாடம் நடத்த அரசுக்கு உரிமையில்லை என்பது இருக்க வேண்டும். அந்த வரி விடுபட்டால், அடுத்த நிதிநெருக்கடியில் மற்ற வாதங்கள் எல்லாம் எதிர்த்தரப்புக்கே பயன்படும்.